மாலை வரை முதலிடம்

ஒரு சனிக்கிழமை பகல் முழுவதும் எங்கள் சித்தப்பா உலகத்திலேயே முதல் ஆளாக இருந்தார். சாயங்காலம் அந்த நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் அந்தப் பகலை எங்கள் தோட்டத்தில் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சுவா என்ற சிற்றூரைத் தாண்டி, பாமாயில் தரும் செம்பனை மரங்களுக்குள் இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால், நாங்கள் வேலை செய்த தோட்டம். அப்பா அங்கே எடை மேடைக் கிராணி. பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை மேடையில் நிறுத்தி, எடை பார்த்து ஆலைக்கு அனுப்புவார். அந்த லோரிகளில் குலை ஏற்றுகிற ஆட்களில் சித்தப்பாவும் ஒருவர். தம்பி தூக்கிப் போட்டதை அண்ணன் நிறுத்துப் பார்ப்பார். எங்கள் குடும்பத்தின் பிழைப்பே எடையில்தான் இருந்தது.

அப்பாவிடம் எதையும் கூட்டிச் சொல்ல முடியாது. கோயிலுக்கு நூறு பேர் வந்தார்கள் என்று அம்மா சொன்னால், எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பார். மழை கொட்டுகிறது என்றால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, தூறல்தான் என்பார். இந்த மனுஷனிடம் ஆசைக்கு ஒரு பொய் சொல்ல வழியில்லை என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

சித்தப்பா வேறு மாதிரி. உயரம் அதிகமில்லை. ஆனால் சிரம்பான் கடைகளில் அவர் தொடைக்கு ஏற்ற கால்சட்டை கிடைக்காது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு ராசா என்ற ஊருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் பளு தூக்கும் பயிற்சி. கோச் ஒரு சீனர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை 'தூக்கு', 'சாப்பிடு' என்ற இரண்டு சொற்கள்தான். அந்தக் கலைக்கு அதற்குமேல் தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. பகலெல்லாம் தூக்கிவிட்டு வந்தவர் சாயங்காலமும் போய்த் தூக்குகிறாரே, அலுக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "குலை தூக்குனா கீழ போட்டுட்டு மறந்துருவேன். அது வேற, இது வேற பாப்பா" என்றார். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

அப்படித் தூக்கித் தூக்கி, மாநிலத்தில் ஜெயித்து, நாட்டிலும் ஜெயித்து, கடைசியில் ஆண்களுக்கான உலகப் போட்டிக்கே அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போட்டி வடக்கே ஒரு குளிர் நாட்டில் நடந்தது. தோட்டமே கிளர்ந்தெழுந்தது. முன்பு வேலையாட்களை மேற்பார்த்தவரும் இப்போது கோயில் கமிட்டித் தலைவருமான பழைய மண்டோர், சித்தப்பா விமானம் ஏறுவதற்கு முன்பே 'உலகை வென்ற எங்கள் தங்கமே வருக' என்று பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார். அப்பா அந்தக் கடைக்கே போய், இன்னும் வெல்லவில்லை என்று சொல்லி, அதை 'வென்றுவர வாழ்த்துகிறோம்' என்று மாற்றிவிட்டு வந்தார். மண்டோர் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

போட்டி நாளன்று கோயில் மண்டபத்தில் பெரிய டிவியை வைத்தார்கள். ஆபீஸ் பக்கத்திலிருந்து வரும் வைஃபை அங்கேதான் ஓரளவு கிடைக்கும். அந்த நாட்டு நேரமும் நம் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் காலைச் சாப்பாடு முடிந்ததுமே கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. சித்தப்பாவோடு குலை ஏற்றும் வங்காளதேசத்து அண்ணன்மார் முன் வரிசையைப் பிடித்திருந்தார்கள். அம்மா பெரிய வாளியில் சிராப் தண்ணி கலக்கி வைத்திருந்தார்.

மேடையில் சித்தப்பா வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. உடம்போடு ஒட்டிய உடுப்பு, நெஞ்சில் நம் கொடி, கை முழுக்க வெள்ளை மாவு. அறிவிப்பாளர் அவர் பெயரைப் பாதியில் உடைத்து, மீதியை விழுங்கினார். மண்டபமே சிரித்தது. அதோடு சிரிப்பு நின்றது. ஒரே மூச்சில் தலைக்குமேல் தூக்குகிற முதல் சுற்றில், முதல் தடவையே இரும்பு அவர் கைக்கு அடங்காமல் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. சிவப்பு விளக்குகள் எரிந்தன. யாரோ வைஃபையைத் திட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்து, தாமே தூக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தடவை தூக்கிவிட்டார். அதற்கடுத்த தடவையும். பிறகு, தோளில் வாங்கி நிறுத்தி அங்கிருந்து மேலே தள்ளுகிற இரண்டாவது சுற்று வந்தது. அதில் அவர் கேட்ட எடைகள் கூடிக்கொண்டே போயின. மற்றவர்கள் எல்லாம் முடித்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்ட பிறகு கடைசியாக மேடையேறியவர் எங்கள் சித்தப்பாதான். அந்த எடையை அவர் பயிற்சியில்கூடத் தூக்கியதில்லை என்று பின்னால் தெரிந்தது. அம்மாவையும் என்னையும் என் குட்டித் தம்பியையும் சேர்த்துக் கட்டினாலும் அவ்வளவு வராது. குனிந்தார். பிடித்தார். தோளுக்கு வந்தது. எழுந்திருக்கும்போது பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். கன்னம் துடிப்பது டிவியில் தெரிந்தது.

"ஏந்திரிடா" என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

சித்தப்பா எழுந்தார். மூச்சை இழுத்து, கால்களை முன்னும் பின்னுமாக வெட்டிப் போட்டு, இரும்பை உயரே தள்ளினார். கை மடங்கவில்லை. கால்கள் மட்டும் ஆடின, பிறகு அவையும் நின்றன. மூன்று வெள்ளை விளக்குகள் எரிந்தன. திரையில் பெயர்ப்பட்டியல் வந்தது. எல்லாப் பெயர்களுக்கும் மேலே சித்தப்பாவின் பெயர். பக்கத்தில் ஒன்று என்ற எண்.

அதன்பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த பட்டாசுகள் எல்லா வீடுகளிலிருந்தும் வந்தன. வங்காளதேசத்து அண்ணன்மார் மண்டோரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அம்மா கேசரி கிண்ட ஓடினார். நான் நாற்காலிமேல் ஏறி, என் சித்தப்பா உலகச் சாம்பியன் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். தோள்மேல் இருந்தபடியே மண்டோர் அப்பாவைப் பார்த்து, "என்னா கிராணி, ஒலகத்துலயே மொத ஆளுலா உங்க தம்பி! இப்பவாச்சும் சிரிங்கலா" என்றார்.

"சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்றார் அப்பா.

சாயங்காலம் கேசரி வாசனை போகாத கையோடு வீட்டுக்குள் வந்தேன். சாப்பாட்டு மேசையில் அப்பா கைப்பேசியில் டேட்டா போட்டு, அதைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மேடை, அதே இரும்பு. ஆட்கள் மட்டும் வேறு.

"யாருப்பா இவங்க?"

"சித்தப்பாவோட எடைக்காரங்கதான். இவங்க ஏ குரூப்பு. காலையில நடந்தது பி குரூப்பு. ரெண்டையும் சேத்துத்தான் கடைசியில யார் மொதன்னு சொல்லுவாங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பலசாலிகளை எல்லாம் சாயங்காலத்துக்கு என்று ஒதுக்கி வைப்பார்களாம். காலையில் வருகிறவர்கள் அவர்களைவிடக் குறைவாகத் தூக்கக்கூடியவர்களாம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். "வரணும்னா எல்லாரும் காலையிலயே வந்திருக்கணும்" என்றேன். அப்பா என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஒருவன் வந்தான். சித்தப்பா தூக்கியதைவிட அதிகம் வைத்து, துணி உதறுவது போல உதறித் தூக்கிவிட்டுப் போனான். சித்தப்பா இரண்டாவதானார். இன்னொருவன் வந்தான். மூன்றாவதானார். ஒவ்வொருவனும் கீழே போட வேண்டும் என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். ஒருவன் மட்டும் மூன்று தடவையும் தவறவிட்டு, மேடையிலேயே மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அவனுக்குக் கணக்கே கிடையாது என்று பட்டியலிலிருந்து பெயரைத் தள்ளிவிட்டார்கள். நான் கைதட்டினேன். அப்பா என் இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். "பாவம், அவன் வீட்லயும் பாத்துக்கிட்டு இருப்பாங்கம்மா" என்றார்.

எல்லாம் முடிந்தபோது சித்தப்பாவின் பெயர் பட்டியலில் கீழே போயிருந்தது. பக்கத்தில் பத்து என்று போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமாப்பா?"

"தெரியும். கெளம்பறதுக்கு முந்தியே சொல்லிட்டுத்தான் போனான்."

"அப்ப ஏன் மண்டபத்துல சொல்லல?"

"அவன் தூக்குனதக் கொண்டாடறாங்க. அதுல என்ன தப்பு? மிச்சத்த அவனே வந்து சொல்லட்டும்."

சித்தப்பா திரும்பி வரும் வரைக்கும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. பத்தாவது என்பது என் வகுப்பில் எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் பத்தாவதாக வந்தால், மாமி வீட்டில் அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டார். பள்ளியில் தலைமையாசிரியர் சித்தப்பா பெயரைச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தபோது என் காது சுட்டது. மண்டோர் வேறு இந்தத் தடவை அப்பாவுக்குத் தெரியாமல், ஊருக்கு வெளியே ஒரு கடையில், 'உலக முதல்வன்' என்று புதுப் பேனரே அடித்துவிட்டார். ஆபீஸ் வாசலில் இரண்டு செம்பனைகளுக்கு நடுவே அது காற்றில் படபடத்தது.

அப்பாதான் காரில் போய்ச் சித்தப்பாவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தார். கேட்டிலேயே உறுமி மேளம் பிடித்துக்கொண்டது. மாலைமேல் மாலை விழுந்தது. சித்தப்பா காரிலிருந்து இறங்கி, பேனரை அண்ணாந்து பார்த்து, அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மண்டோரிடம் மைக்கை வாங்கினார். எனக்கு அங்கிருந்து ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். "நான் மொதல்ல வரல. பத்தாவதாத்தான் வந்தேன்."

மேளம் பாதியில் நின்றது.

"காலையில எங்க குரூப்புல நான்தான் மொத. சாயங்காலம் பெரிய ஆளுங்க வந்தாங்க. ஒம்பது பேரு என்னைத் தாண்டிட்டாங்க. பக்கத்துல நின்னு பாத்தேன். ஆனா கடைசியா நான் தூக்குனேன் பாருங்க, அத நம்ம நாட்டுல என் எடையில இதுவரைக்கும் யாரும் தூக்குனதில்ல. அவ்வளவுதான்." மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

மண்டோர் அதை வாங்கவில்லை. அவர் முகம் எப்படி எப்படியோ போயிற்று. "இரு தம்பி. பத்தாவதுன்னா எதுல? இந்த ஆசியாவுலயா?"

"இல்ல மண்டோர். ஒலகத்துல."

"மொத்த ஒலகத்துலயுமா?"

"ஆமா மண்டோர்."

மண்டோர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களாடா? மொத்த ஒலகத்துலயும் விரல் விட்டா பத்து பேரு. அதுல ஒருத்தன் நம்ம லயத்துல பொறந்தவன்! மேளம் ஏன்டா நிக்குது?"

சனிக்கிழமை கேட்ட சத்தமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. வங்காளதேசத்து அண்ணன்மார் இந்தத் தடவை சித்தப்பாவையே தூக்கினார்கள். அவர் கனம் தாங்காமல் சாய்ந்து, எல்லோரும் சேர்ந்து புல்லில் விழுந்து சிரித்தார்கள். பேனரை என்ன செய்வது என்று யாரோ கேட்டபோது, அது பாட்டுக்கு இருக்கட்டும், அடுத்த தடவைக்கு ஆகும் என்று மண்டோர் சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் இதெல்லாம் பிடிபடவில்லை. முதலிடம் போய்விட்டது, இவர்கள் எதற்கு ஆடுகிறார்கள்? கேட்பதற்கு அப்பாவைத் தேடினேன். அவர் கூட்டத்தில் இல்லை. காருக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்காதபடி நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையால் முகத்தை அழுத்திப் பிடித்திருந்தார். தோள்கள் குலுங்கின. அப்பா அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பாவம், இவருக்காவது புரிந்ததே என்று நினைத்தேன். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கப்பா. அடுத்த தடவை சித்தப்பா கண்டிப்பா ஜெயிச்சிருவாரு" என்று ஆறுதல் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் அழுதார்.