உட்கார்ந்து செய்யும் வேலை

என் அக்கா பத்தொன்பது வருஷமாக ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு என்று துவைத்து வருவதையெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்குவது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரண்டு மணிக்குத்தான் உட்காருவாள். அங்கே நாற்காலி உண்டு, சூப்பர்வைசருக்கு. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்துவிட்டது. "இனிமே நிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். அவர் போட்டிருந்த கோட்டையும் அன்று காலையில் அவள்தான் தேய்த்திருந்தாள்.

ஈஸ்டருக்கு வீட்டு மேஜை நடுவில் வைக்க வருஷாவருஷம் ஒரு அலங்காரம் செய்வாள். முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் குத்தி, வாயால் ஊதி, உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் இறக்கிவிட்டு, காலி முட்டையை வினிகர் கலந்த கேக் சாயத்தில் முக்குவாள். மஞ்சள் என்றால் கண்ணைக் குத்துகிற மஞ்சள் இல்லை, வெண்ணெய் நிறம். அதை ஒட்டி ஒரு நீலம். நடுவே ஒன்றே ஒன்று செங்கல் சிவப்பு. நான் பெயின்டர். இருபத்தாறு வருஷமாகச் சுவருக்கு நிறம் கலக்குகிறேன். எனக்கே அந்தச் சேர்க்கை தோன்றாது. நாள் பூரா வெள்ளைத்துணி பார்க்கிறவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "நீயும் வெள்ளையவே பாத்துக்கிட்டு நில்லு, தானா வரும்" என்பாள்.

போன வருஷம் செய்ததைச் சூப்பர்வைசருக்குக் கொடுத்தாள். அது அவர் மைத்துனர் கண்ணில் பட்டது. அவர் ஒரு விருந்து மண்டபத்து மேனேஜர். இந்த வருஷம் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். ஈஸ்டர் மதிய விருந்து, இருபது மேஜை, இருபது அலங்காரம்.

"நல்லா அமைஞ்சுதுன்னா வருஷம் பூரா எங்க மேஜையெல்லாம் உங்க பொறுப்புதான்."

அவர் போனதும் அக்கா சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜை உயரம் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சலவைக்கூடத்தை விட்டுவிடலாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

மூன்று வாரம் முட்டை ஊதினாள். மேஜைக்கு ஐந்து என்று நூறு, கையிருப்பாகப் பத்து. கன்னம் வலித்துச் சாப்பிட முடியாமல் போனது. அவள் புருஷன், எங்கள் மாமாதான் பாவம், தட்டில் வேறு எதையும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு என்ன?"

"முட்டை."

"நேத்து வெச்சது?"

"அதுவும் முட்டைதான். ஆனா அது வேற முட்டை."

"இப்படியே போனா நான் அடைகாக்க உக்காந்துடுவேன்."

"இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் உக்காந்தா சரி" என்றாள் அக்கா.

கடைக்காரர்கள் ஃபிரிட்ஜ் பெட்டியைப் பிரித்துவிட்டுத் தூக்கிப் போடும் தெர்மோகோலை வட்டமாக வெட்டி, அதுதான் அடித்தட்டு. அதில் நான் வெள்ளையடித்துக் கொடுத்த சுள்ளிகளைக் குத்தி, பச்சைக் காகிதத்தைப் புல்லாக நறுக்கிப் பரப்பி, முட்டைகளை ஒட்டி, ஒரு மெழுகுவர்த்தி. சனிக்கிழமை மதியம் இருபதும் தயார். ஆறு மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும்.

சும்மா இருந்திருக்கலாம் நான். சாயம் காய்ந்ததும் முட்டை மங்கலாகத் தெரிந்தது. மரக்கதவுக்கு அடிக்கிற லேக்கரைத் தின்னரில் கலக்கி ஒரு கோட்டு ஸ்பிரே பண்ணினால் கண்ணாடி மாதிரி நிற்கும் என்றேன்.

"ஒண்ணும் ஆகாதேடா?"

"எத்தனை கதவு அடிச்சிருக்கேன், எங்கிட்டயே கேக்கறியா?"

கொல்லையில் பன்னிரண்டை வரிசையாக வைத்து அடித்தேன். முட்டை பளபளவென்று நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் சொரசொரவென்று ஒரு சத்தம். தெர்மோகோல் உப்புப் பட்ட அட்டை மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது. சுள்ளி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. முட்டைகள் குழிக்குள் இறங்கின. தின்னர் தெர்மோகோலைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. கதவில் தெர்மோகோல் ஏது.

மாமா வந்து எட்டிப் பார்த்தார். "மாப்ளே, கதவுன்னா இந்நேரம் வீடே திறந்துகிட்டிருக்குமே."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.  குனிந்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒன்பது உடைந்தது.

"உன் சின்ன பெயின்ட் டப்பா காலி எத்தனை இருக்கு?"

"முப்பது இருக்கும்."

"பன்னெண்டு கழுவிக் கொண்டா. மணலும் கொண்டா."

நான் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தில் சொல்லிவிட்டு மணல் அள்ளி வந்தேன். சுள்ளியை மணலில் ஊன்றி, மேலே புல், முட்டை. டப்பாவின் வெளிப்பக்கம் நிறுவனத்துப் பெயரும் ஒழுகின பெயின்ட்டுமாகக் கிடந்தது. அதை மறைக்க வேண்டும். சலவைக்கூடத்தில் கழித்துக்கட்டிய பழைய விரிப்பு ஒன்று வீட்டில் இருந்தது. கிழித்து, மிச்சச் சாயத்தில் முக்கி, ஈரத்தோடு இஸ்திரி போட்டாள். விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கோடு போட்டது போல. ஒரு டப்பாவுக்கு முப்பது மடிப்பு. பன்னிரண்டு டப்பாவுக்கும் நின்றுகொண்டே தேய்த்தாள். அன்று அவளுக்கு விடுமுறை.

ஐந்தே முக்காலுக்கு வண்டியில் ஏற்றினோம். தெர்மோகோல் எட்டு, டப்பா பன்னிரண்டு. மண்டபத்தில் இறக்கிவைக்கும்போது, "ரெண்டு தினுசா இருக்கே" என்றார் மேனேஜர்.

"ஒரு தினுசுதான் செஞ்சேன், பாதியில கெட்டுப்போச்சு" என்றாள் அக்கா. என் பேரை எடுக்கவில்லை.

மேனேஜர் டப்பா வைத்ததையெல்லாம் முன்வரிசை மேஜைகளுக்குத் தள்ளிவிட்டார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை மேனேஜர் போன் பண்ணினார். வருஷ வேலை அவளுக்குத்தான். விருந்துக்கு வந்தவர்கள் மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். முட்டை ஈஸ்டரோடு போகட்டும், பூவோ பழமோ எது வைத்தாலும் கீழே அந்த மடிப்புத்துணி இருந்தாக வேண்டும், அது இல்லாமல் ஒன்றும் வேண்டாம் என்றார்.

"சரிங்க" என்று போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இஸ்திரி போடத்தான் கூப்பிடறாங்கடா" என்றாள்.

சலவைக்கூடத்தை விட்டுவிட்டாள். நான் மேஜையின் காலை அறுத்து, உட்கார்ந்து தேய்க்கிற உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். முதல் நாள் உட்கார்ந்து பத்து மடிப்பு போட்டாள். பத்தும் கோணல். இஸ்திரிப்பெட்டி மேல் உடம்பின் பாரம் இறங்கினால்தான் மடிப்பு நிற்குமாம், உட்கார்ந்தால் வெறும் கைப்பாரம்தான். எழுந்து, கூனிக்கொண்டு தேய்த்தாள். இப்போது இடுப்பும் வலித்தது.

"உன் உதவிக்கு ஒரு கும்பிடுடா" என்றாள்.

மறுநாள் ரம்பத்தோடு போனேன். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"மேஜைய இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கு. இறக்கிட்டு நில்லு, மேல இருந்து சாஞ்சா பாரம் இறங்குதான்னு போட்டுப் பாக்கறேன்."

இறக்கிவிட்டு நின்றேன். நான்காவது மடிப்பு நேராக விழுந்தது. ஐந்தாவது மறுபடி கோணல்.