வயது என்று சொல்லித் திருப்பி அனுப்பிய உடம்பு

டாக்டர், என் வீட்டுக்காரரின் இரண்டு வருடங்களை வீணாக்கியவர் நீங்கள்தான்.

அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. லெப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். துணிப் பண்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் வீங்கி விறைத்துக் கிடந்தன. பத்து மணிக்கு மேல்தான் சரியானது. பிறகு தினமும் அப்படியே.

பசி போனது. எடை இறங்கியது. தொழுகையில் சஜ்தாவுக்கு (நெற்றி தரையில் படக் குனிவது) போனால் எழ முடியவில்லை. பள்ளிவாசலின் கடைக்கோடியில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். வரிசையில் தோளோடு தோள் நிற்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய வேதனை.

பெரம்பலூரில் உங்களிடம் அந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை வந்தோம்.

"பாய், வயசாகுதுல்ல? இன்னும் மாப்பிள்ளை மாதிரி ஓடணுமா?" என்று சிரித்தீர்கள். டானிக் எழுதினீர்கள்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல என் மகனும் துபாயிலிருந்து தைலமும் வலி மாத்திரையும் பெட்டியில் கொண்டுவருவான். உங்களிடம் வரும் நாளில் இவர் அதில் இரண்டைப் போட்டுக்கொள்வார். அத்தர் பூசிக்கொள்வார்.

"ஏங்க, நோவைக் காட்டத்தானே போறோம்? அதுக்கு எதுக்கு இப்ப மாத்திரை?"

"நாலு பேரு இருக்குற எடத்துல நொண்டிக்கிட்டா வரச் சொல்ற? பேசாம வா."

வீக்கம் வடிந்த கையோடு உங்கள் முன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் மாத்திரை போட்டதைச் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்களே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசியில் குளியலறையில் விழுந்தார். திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் அவர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி, அதாவது ஓயாத உள்வீக்கம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை) எடுத்தார். எண் ஏறிக் கிடந்தது.

"இது வெறும் வயசு இல்லீங்கம்மா. முடக்குவாதம். உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குது. இந்த அழற்சி ரொம்ப நாள் இருந்தா சதையையும் கரைச்சிடும். அதான் இப்படித் தளர்ந்துட்டாரு."

"போன சதை திரும்புமாங்க?"

"கொஞ்சம் திரும்பும். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்."

வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை, முட்டை, பருப்பு, கையூன்றாமல் எழுந்து நிற்கும் பயிற்சி. ஒரு வருடத்தில் அழற்சி பெரும்பாலும் அடங்கியது. சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். ஆனால் தொழுகை இன்னும் நாற்காலியில்தான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து திரும்பி வரும்போது நான் எதுவும் கேட்பதில்லை. முகத்திலேயே தெரியும்.

எனக்கு அந்தப் பழைய மனிதர் வேண்டும். குழம்பில் உப்பில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாரே, அவர். இப்போது எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிடுகிறார். எழுந்திருக்கக் கை கொடுத்தால் கனமே இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் விடிந்த வீடு இது. இப்போது விறைப்பு விட்டு அவர் விரல்கள் மடங்கிய பிறகுதான் எங்களுக்குப் பொழுது விடிகிறது.

டாக்டர், வருடாவருடம் எங்கள் ஊரில் மருத்துவ முகாம் போட்டு மைக்கில் பேசுகிறீர்கள். அடுத்த முகாமில் அதே மைக்கில் பதில் சொல்லுங்கள், ஊர் கேட்கட்டும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஏன் கேட்கவில்லை? மூன்று முறை வந்தவரின் கையை ஒரு முறைகூட ஏன் தொட்டுப் பார்க்கவில்லை?