வெறும் வயிற்றுக்கு அரை மணி

காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது சனிக்கிழமை காலை 10.20. வழியில் அவசரமாக விழுங்கிய பூரி தொண்டைவரை ஏறி எரித்துக்கொண்டிருந்தது. எதிரே மருந்துக் கடை. கடைக்காரப் பெண் என் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்பப் போடுறீக?"

"சாப்பிட்டு முடிச்சதும்."

"ஊரு எரிஞ்ச பெறகு தண்ணி வண்டி அனுப்புறீக. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல போட்டாத்தான் அமிலம் சுரக்குறது கொறையும். டாக்டர் சொல்லலையா?"

சொல்லியிருந்தார். இதயத்தில் கோளாறில்லை, அமிலம்தான் என்றதுமே நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கடை வாசலில்தான் எண்ணம் உதித்தது: இந்தப் பயணத்தில் அரை மணி வெறும் வயிற்றைப் பிடித்தே தீருவது. மறுநாள் தேவகோட்டையில் நண்பன் மெய்யப்பனுக்குக் கல்யாணம். அவன் அக்கா கல்யாணத்தில் பாதி இலையில் எழுந்து ஓடியவன் நான். இம்முறை பாயசம்வரை உட்காருவதாக வாக்கு.

10.50. ஆட்டோவுக்கு நூறு ரூபாய். மெய்யப்பன் வீட்டு வாசலிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மூன்றே நிமிடம். அவன் அம்மா, காபியும் கந்தரப்பமுமாக எதிரே நின்றார்.

"அரை மணி கழிச்சு சாப்பிடுறேன் ஆச்சி."

"அரை மணி கழிச்சு வெள்ளைப் பணியாரம் வருது. இது இப்பத்துக்கு."

"மாத்திரை போட்டிருக்கேன்..."

"மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்கலாமா? சாப்பிடுங்க தம்பி."

எங்கள் திருச்சி வீட்டில் பசிக்கிறது என்று இரண்டு முறை சொன்னால்தான் தட்டு வரும். இங்கே பசி வருவதற்குள் பலகாரம் வந்துவிடுகிறது. சாப்பிட்டேன், காபி இறங்கியதும் எரிந்தது.

2.15. விருந்து முடிந்து வீடே படுத்துவிட்டது. எனக்கும் பாய் விரித்தார்கள். படுத்தால் அமிலம் மேலேறும் என்பதால் வெயிலில் தெருத்தெருவாக நடந்தேன். முக்குக் கடையில் சோடா குடித்தேன், இருபது ரூபாய். ஓர் ஏப்பம், பத்து நிமிட நிம்மதி, பிறகு பழைய எரிச்சல்.

6.00. மெய்யப்பனைப் பிடித்தேன்.

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் போற வேன்ல என்னடா ஏறுது?"

"ரெண்டு தூக்கு இட்லி, ஒரு டின் சீடை, எங்க சித்தப்பா."

"நான் பஸ்ல வரேன்."

"அதை அம்மாகிட்ட நீயே சொல்லிக்க."

சொன்னேன். "வேன்ல எடமில்லைன்னு நெனச்சீகளா?" ஆச்சியின் குரல் இறங்கியது. பாயசம்வரை உட்கார வேண்டும், அதற்குத்தான் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"காபியாச்சும்?"

"காபியும் கூடாது ஆச்சி."

"தண்ணி?"

"தண்ணி குடிக்கலாம்."

"அப்பத் தண்ணியாவது எங்க வீட்டுதைக் கொண்டு போங்க."

மறுநாளுக்கு என் திட்டம் இதுதான்: காலை 6.10க்குப் பேருந்து; தேவகோட்டைக்கு முக்கால் மணி. இருக்கையில் உட்கார்ந்ததும் ஒரு மாத்திரை, ஆச்சி வீட்டுத் தண்ணீர் ஒரு வாய். இறங்கும்வரை யார் எதை நீட்டினாலும் ஜன்னல் பக்கம் பார்ப்பது.