ஜலஜாக்ஷியின் முகில் திரை

கர்நாடகக் கரையில், மல்பே துறைமுகத்துப் படகுச் சங்க அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர்மேசை ஜலஜாக்ஷி காஞ்சன் என்பவளுடையது. சன்னலே வேண்டாம் என்று கேட்டு வாங்கிய மூலை அது. பிறந்ததிலிருந்தே அவள் உடம்பில் நிறம் கிடையாது. தலைமுடி தென்னம்பூவின் வெளிர் மஞ்சள், இமைமுடி வெள்ளை. கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. மீன் ஏல மேடையிலிருந்து வரும் கிரிஜா அவளை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டாள்.

"பேரு மட்டும் தாமரைக் கண்ணு. எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியுதா?"

"வாசனைல தெரியுது கிரிஜக்கா," என்பாள் ஜலஜா, தலையைத் தூக்காமல்.

நான் தூத்துக்குடிக்காரன். விசைப்படகில் வேலைக்கு வந்து, அலுவலகத்தில் எழுத்தராக ஒதுங்கி, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன். உனக்கு உலகம் எப்படித் தெரியும் என்று ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறேன். பகலில் எல்லாமே பாலில் கரைந்து போகும் என்றாள். ஆடி மாதம் வந்து, மேகம் கடல்மேல் படிந்து, படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும்போதுதான் அவளுக்குப் பகல் விடியும். அலைதடுப்புக் கற்கள்மேல் குடையில்லாமல் நடப்பாள். பாய்மரக் கொடிகளின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நனைந்த கறுப்புக் கல்லின்மேல் ஒரு நண்டு ஓடினால் அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

கணினித் திரையின் வெள்ளை அவளுக்கு உச்சிவெயில். உடுப்பிக் கல்லூரியில் நிரல் எழுதக் கற்றவள் என்பதால் அதற்குத் தானே ஒரு வழி செய்துகொண்டாள். அவள் எழுதிய சிறு நிரல் திரை முழுவதையும் மழைக்கு முந்தைய வானத்தின் நிறமாக்கிவிடும். எழுத்துகள் மட்டும் மங்கிய விளக்குகள்போல அதில் மிதக்கும். கன்னடத்தில் 'முகிலு' என்று பெயர் வைத்தாள். நான் முகில் என்பேன்.

ரெனிடா மத்தியாஸ் பக்கத்து ஊரான காபுவில் பார்வை குறைந்த பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். அண்ணனின் படகு உரிமம் விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தவள் ஜலஜாவின் திரையைக் கண்டதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டாள். முகில் பள்ளிக்குப் போனது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். கணினியைப் போட்டதும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முதல் திரை வருமே, அது பளீரென்ற வெள்ளை. பிள்ளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வழிய உள்ளே நுழைவார்கள். முகில் விழித்துக்கொள்வது அதற்குப் பிறகுதான். முதல் திரையையும் மாற்ற முடியுமா என்று ரெனிடா கேட்டாள்.

அவரவர் உள்ளே நுழைந்தபின் வரும் நிறங்கள் அவரவர் சொந்த அமைப்பு, யாரும் மாற்றலாம். முதல் திரை அப்படியில்லை. அது கணினி முழுமைக்கும் பொதுவானது, காவலில் இருப்பது. வீட்டுக் கணினியில் அனுமதி கேட்கும் காவல் கேள்விகளையும் உரிமைப் பூட்டுகளையும் ஜலஜா எப்போதோ அணைத்து வைத்திருந்ததால் அங்கே மாற்றம் உடனே பலித்தது. பள்ளியிலோ நிரல் 'முடிந்தது' என்று சொன்னது. திரை வெள்ளையாகவே இருந்தது.

பல நாள் அவளுக்கு இது பிடிபடவில்லை. எழுதிய மதிப்பைத் திரும்பப் படித்தால் சரியாக வந்தது. கடைசியில் கண்டுபிடித்தாள். பழைய பாணியில் எழுதிய நிரல் காவல் இடத்தில் கைவைத்தால், கணினி அதைத் தடுக்காமல், அதற்கென்று ஒரு நிழல் இடம் கொடுத்து அங்கே எழுதவிட்டுவிடும். படிக்கக் கேட்டாலும் அந்த நிழலையே காட்டும். மெய்யான இடத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

"இல்லாத ஒரு திரைக்கு வர்ணம் பூசிக்கிட்டு இருந்திருக்கேன்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அந்த நிழல் இடம் பிடித்துக்கூடப் போயிற்று என்று நினைக்கிறேன். அன்றெல்லாம் அதைப் பற்றியே பேசினாள்.

நிரலைப் புதிய முறைப்படி திருத்தினாள். நிழல் போய், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற வரி வந்தது. பள்ளியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் யோகீஷ் சாலியான் வந்து நிர்வாகிக் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தார். அப்போதும் மறுப்புதான். கணினியின் அமைப்புகள் மரம்போலக் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். அவள் தொட நினைத்த கிளைக்கு உரிமையாளர் நிர்வாகிகூட இல்லை. கணினியின் இயங்குதளமே அதைத் தன் பெயரில் வைத்திருந்தது.

அதன்பின் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அந்தக் கிளை முழுவதன் உரிமையையும் நிரல் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடும்படி செய்தாள். யோகீஷ் வேறேதோ வேலையில் இருந்தபடியே மறுபடி கடவுச்சொல்லைத் தட்டினார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் கணினியைப் போட்டபோது அறை முழுக்க மேகம் இறங்கியது. யாரும் முகத்தைப் பொத்தவில்லை. ஒரு சிறுமி திரைக்கு வெகு அருகே போய், தன் பெயரை எங்கே எழுத வேண்டும் என்று தானே தேடிக் கண்டாளாம். ரெனிடா போனில் இதைச் சொன்னபோது ஜலஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்த பிறகும் போன் அவள் காதோடேயே இருந்தது.

மழை பிடித்த சமயம் இயங்குதளத்துக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. தன் இடத்தில் எழுதப் போன அது, உரிமை தன்னிடம் இல்லை என்று கண்டு பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குத் தட்டச்சுத் தேர்வு நாள் அது. எல்லாக் கணினியிலும் முகில் நிறம் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. பெயர் எழுதும் கட்டம் இல்லை, அம்புக்குறி இல்லை. வெறும் சாம்பல் வானம். பிள்ளைகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு தள்ளிப்போயிற்று.

ஜலஜா அழைத்ததால் நானும் அவளோடு பஸ்ஸில் காபு போனேன். கண்ணாடியில் மழை வழிந்தது.

யோகீஷ் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். கோபத்தைவிட வியப்புதான் அவர் முகத்தில் இருந்தது.

"சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னு வந்தீங்க. வீட்டுப் பட்டாவையே உங்க பேருக்கு மாத்திட்டீங்களே மாராய்ரே," என்றார், அந்த ஊர்ப் பாணியில் விளித்து.

"எனக்கு வேற வழி தெரியல," என்றாள் ஜலஜா. "அந்தப் பிள்ளைங்க கண்ணு எப்படி எரியும்னு எனக்குத் தெரியும். அதுக்குமேல யோசிக்கல. தப்புதான்."

யோகீஷ் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "பார்க்காம பாஸ்வேர்டு போட்டவன் நான். பாதித் தப்பு எனக்கு. உக்காருங்க, பிரிச்சுப் பார்ப்போம்."

ஒவ்வொரு கணினியாகப் பழுதுநீக்கும் பென்டிரைவ் போட்டுத் திறந்தார்கள். திரை வெள்ளையாக வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். யோகீஷ் வரிகளைப் படித்துச் சொல்ல, அவள் விரல்கள் தட்டும். எடுத்த உரிமையைக் கிளை கிளையாக இயங்குதளத்தின் பெயருக்கே திருப்பினார்கள். திறந்துவிட்டதையெல்லாம் பழையபடி மூடினார்கள். ரெனிடா மைதாமாவில் பொரித்த கோளிபஜ்ஜியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். ஓட்டுக்கூரையில் மழைச் சத்தம் ஒரே சீராக இருந்தது. பேச்சும் அதற்குள் தணிந்தே போயிற்று. சாயங்காலத்துக்குள் பெயர்க் கட்டங்கள் திரும்பி வந்தன, வெள்ளையும் கூடவே.

ஜலஜா முகிலை விட்டுவிடுவதாகச் சொன்னாள். ரெனிடா அதைக் காதில் வாங்கவே இல்லை. யோகீஷ்தான் கேட்டார், முதல் திரையில் உண்மையில் மாற்ற வேண்டியது எவ்வளவு என்று. அவள் யோசித்தாள். பின்னணி நிறம். எழுத்தின் அழுத்தம். அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு கிளையையே அள்ளியிருந்தாள். முதல் திரைத் தோற்றத்தை நிர்வாகிகள் மாற்றிக்கொள்ள இயங்குதளமே தனியாக ஓர் இடம் விட்டிருந்தது. நிர்வாகியின் சம்மதம் போதும், எவருடைய உரிமையையும் பிடுங்க வேண்டாம். இருவரும் சேர்ந்து அதைத் தேடி எடுத்தார்கள்.

முகிலை அவள் இரண்டாகப் பிரித்தாள். பிள்ளைகள் கையில் இருப்பது சாதாரண உரிமையோடு ஓடும். அவரவர் நிறங்களோடு நின்றுகொள்ளும். இன்னொன்று மிகச் சிறியது. நிர்வாகி பார்த்துச் சம்மதித்தால் மட்டும் கணினியில் அமரும். முதல் திரைக்கு மேகம் போடுவதும் எடுப்பதும் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. சம்மதம் கிடைக்காவிட்டால் என்ன சொல்வது என்பதற்குத்தான் அவள் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பலமுறை மாற்றி, கன்னடத்தில் இப்படி எழுதினாள்: 'முதல் திரையை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. இந்தக் கணினியின் பொறுப்பாளரைக் கேளுங்கள். உங்கள் நிறங்களை மாற்றிவிட்டேன்.'

இந்த முறை யோகீஷ் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே கடவுச்சொல்லைப் போட்டார். அடுத்த புதுப்பிப்பு வந்த அன்று மூன்று பேரும் அறையிலேயே காத்திருந்தார்கள். அது வந்தது, எழுதியது, போயிற்று. மேகம் அப்படியே இருந்தது.

தள்ளிப்போன தேர்வும் நடந்தது. மேற்பார்வைக்கு வந்து உட்காருமாறு ரெனிடா கேட்டுக்கொண்டதால் ஜலஜா சங்கத்தில் விடுப்பு எடுத்துப் போனாள்; துணைக்கு நானும் போனேன். வெளியே கடல்மேல் வானம் தாழ்ந்திருந்தது. விளக்குப் போடாத அறையில் திரைகள் மட்டும் மெல்ல ஒளிர்ந்தன. விசைகளின் சத்தம் இலைகள்மேல் சொட்டுவதுபோல விட்டுவிட்டுக் கேட்டது. கடைசி வரிசை நாற்காலியில் அவள் சாய்ந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்திருக்கையில் ஒருபோதும் நிற்காத அந்தக் கண்கள் மூடிய இமைக்குள் அடங்கியிருந்தன.

எழுப்பவா என்று ரெனிடாவிடம் சைகையில் கேட்டேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள். தேர்வை முடித்த பிள்ளைகள் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, அவளைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.