சிவப்புப் பென்சில் படகு

இதை எழுதுவதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. மானம்தான் போகும். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். நான் பேய் பிசாசை நம்புகிற ஆளும் இல்லை. பத்தொன்பது வருடம் கட்டட வரைபடம் போட்டவன், அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று மாலை நடந்ததையும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

என் முதலாளி கட்டடக் கலைஞர். எங்களுக்கு அவர் 'படகு சார்'. நாற்பத்தொரு கட்டடம் எழுப்பியவர். ஆனால் என்ன சாதித்தீர்கள் என்று யாராவது கேட்டால், தானே பலகை இழைத்துச் செய்த சின்னத் துடுப்புப் படகைத்தான் காட்டுவார். விடிந்ததும் ஏரியில் ஒரு சுற்று, அப்புறம் ஈரக் கால்சட்டையோடு நேராக அலுவலகம். நாற்காலியெல்லாம் பாசி வாடை அடிக்கும். முணுமுணுத்தால் சிரிப்பார். எங்களைப் படகில் ஏற்றும்போது மட்டும் சிரிக்க மாட்டார். "யாரும் எழுந்து நிக்கக் கூடாது. படகுல எழுந்து நிக்கறவன் வடிகட்டின முட்டாள்" என்பார்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் பார்க்காமல் எந்த வரைபடமும் வெளியே போகாது. சரியாக இருந்தால் தாளின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு குட்டிப் படகு போடுவார். தப்பு இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

போன வருடம் அவர் ஏரியில் போய்ச் சேர்ந்தார். படகு கவிழ்ந்து அதன் விளிம்பு தலையில் அடித்ததாம். முப்பது வருடம் துடுப்புப் போட்டவர். காற்றே இல்லாத காலை. எப்படிக் கவிழ்ந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

நான்கு மாதம் கழித்து, அதே ஏரியின் கரையில் அவர் கடைசியாக வரைந்த படகு மன்றத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். தூணே இல்லாமல் தண்ணீருக்கு மேல் நீளும் தளம்தான் அதில் விசேஷம். அந்தத் தளத்திலேயே அவருக்கு நினைவுக் கூட்டம். முப்பது பள்ளிப் பிள்ளைகள் அங்கே நின்று பாடப் போகிறார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. "அவரோட வாழ்க்கையைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்று சாரின் மனைவி என்னிடம் கேட்டிருந்தார்.

விழாவுக்கு முந்தின மாலை. வெளியே மழை. அலுவலகத்தில் நான் மட்டும். எதிர் மேசையில் அந்த மன்றத்தின் மாதிரி, மரத்தில் செய்தது. ஏரிக்கு நீலக் கண்ணாடி. தளத்தின் மேல் பதினான்கு பிளாஸ்டிக் மனிதர்கள், விரல் நக உயரம். எல்லோருக்கும் கை தொங்கியபடி இருக்கும். ஒவ்வொருவரையும் பசை போட்டு ஒட்டியவன் நான்தான்.

மணி 5.48. முதல் வரி எழுதினேன். 'அவர் கண்ணுக்கு எந்தத் தப்பும் தப்பாது.'

ட்டக்... சளப்.

கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை.

5.55. மாதிரியில் ஒரு மனிதன் கண்ணாடி மேல் குப்புறக் கிடந்தான். பசை விட்டுவிட்டது போல என்று எடுத்து மறுபடி தளத்தில் வைத்தேன். என் விரல் ஈரமாக இருந்தது.

6.04. ஐந்து பேர் கிடந்தார்கள்.

ட்டக்... சளப். ட்டக்... சளப். துடுப்புச் சத்தம். பத்தொன்பது வருடம் கேட்டது, எனக்குத் தெரியாதா? அதோடு அந்தப் பாசி வாடை. ஓடிவிடலாம் என்று பையை எடுக்கத் திரும்பினேன்.

என் மேசையில் ஒரு வரைபடம் விரிந்திருந்தது. நான் எடுக்கவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருந்தது. அந்தத் தளத்தின் வரைபடம்...

மூலையில் இருந்த சிவப்புப் படகு கரைந்துகொண்டிருந்தது.

இங்கேதான் என் மானம் போகிறது. அந்தப் படகை அவர் போடவில்லை. நான் போட்டேன். அவர் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். வேலை நடக்கும் இடத்திலிருந்து விடாமல் நச்சரித்தார்கள். அவர் பென்சிலை எடுத்து, அவர் மாதிரியே வரைந்து அனுப்பிவிட்டேன். மறுநாள் இரவு ஊர் திரும்பியவர், அடுத்த காலையே ஏரியில் போய்விட்டார். நான் வாயே திறக்கவில்லை.

6.15. படகு முழுக்க அழிந்துவிட்டது. தாளின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு... மெதுவாக வளைந்தது. வட்டமானது.

வட்டத்துக்குள் பார்த்தேன்.

தூண் இல்லாமல் நீளும் தளத்துக்குக் கான்கிரீட்டுக்குள் கட்டும் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். அதுதான் அதைத் தாங்கும். அவசரத்தில் தூண் உள்ள வேறொரு சாதாரணத் தளத்தின் படத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தேன். கம்பி அடியில் இருந்தது. படகு இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கட்டும்போது அடியில் நிறுத்திய முட்டுக் கம்பங்கள்தான் இத்தனை மாதமாகத் தளத்தைத் தாங்கியிருக்கின்றன. காலையில் அவற்றை எடுத்துவிடுவார்கள். பத்து மணிக்குப் பிள்ளைகள் ஏறுவார்கள்.

ட்டக்.

சத்தம் என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

6.21. திரும்பினேன். தளம் காலி. பதினான்கு பேரும் கண்ணாடி மேல்.

நடுவில் பதினைந்தாவதாக ஒருவன்.

நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு கையும் மேலே...

படியில் விழுந்தடித்து இறங்கிக்கொண்டே போன் போட்டேன். சைட் இன்ஜினியர் எடுத்தார்.

"முட்டுக் கம்பத்துல கை வைக்காதீங்க!"

"ஏன்? என்னாச்சு?"

"கம்பி அடியில இருக்கு. யாரையும் மேல ஏத்தாதீங்க."

"சார் படகு போட்டிருந்தாரே?"

"அது நான் போட்டது."



கூட்டத்தைப் புல்வெளிக்கு மாற்றினார்கள். என் மகள் அங்கே நின்று பாடினாள். நான் எழுத வேண்டிய பக்கம் முதல் வரியோடு நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஆட்களை விலக்கிவிட்டு, முட்டுக் கம்பங்களைக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தார்கள். தளம் பதினோரு நிமிடம் நின்றது. பிறகு மடங்கி ஏரிக்குள் விழுந்தது. என் வேலையும் போனது. போகட்டும், பிள்ளைகள் பிழைத்தார்கள். மாதிரியை விழா அன்றைக்கே போய்ப் பார்த்தேன். பதினான்கு பேர்தான் இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கம்பி கட்டிய மேஸ்திரி வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க மேல பழி வந்துடுமோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல சார். பெரியவர் தவறின அன்னைக்குக் காலையில நாங்க தளத்துல கம்பி கட்டிட்டு இருந்தோம். பெரியவர் படகுல வந்தாரு. எங்க வேலையைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டாரு."

"படகுலயா?"

"படகுலதான் சார். ரெண்டு கையையும் மேல மேல தூக்கிக் காட்டினாரு. ஏதோ கத்தினாரு, எங்களுக்குக் கேக்கல."

அவர் தரையைப் பார்த்தார்.

"நாங்களும் பதிலுக்குக் கை ஆட்டினோம் சார்."