வௌவால் பாறைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

சம்பங்கிக்குத் தெரிந்த வேலை கல் பொறுக்குவது. வட ஆற்காட்டில் மழை பொய்த்த வருஷம் புருஷனோடு ஊரிகம் தங்கச் சுரங்கத்துக்கு வந்து இறங்கியவள். அன்று முதல் சுரங்கத்துக்கு மேலே, வெயிலில் உட்கார்ந்து, தங்கம் ஓடுகிற கல்லையும் வெறுங்கல்லையும் பிரித்துக் கூடையில் போட்டுவந்தாள். கீழே இருட்டில் பாறையில் துளை போடுகிறவன் அவள் புருஷன் ராஜப்பா. களிமண் உருண்டையில் மெழுகுவர்த்தியைச் செருகி, அதைத் தொப்பியில் அப்பிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குவான். ஷிப்ட் முடிந்து வந்து குளித்த பிறகும் காது மடலில் வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். முந்தானையால் அதைத் துடைத்துவிடுவது அவளுக்குப் பிடிக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ளும் இறங்குகிறதென்று யார் கண்டார்கள்?

முதலில் விடிகாலையில் மட்டும் இருமினான். பிறகு கம்பெனி கொடுத்த லைன் வீட்டுத் தகரக் கூரையே அதிரும்படி இருமினான். ஷிப்டுக்குப் போக முடியாமல் போனதும் அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். டாக்டர் கொடுத்த சிவப்பு மருந்து வாய்க்கு இனித்ததோடு சரி.

அடுத்த வீட்டுப் பாப்பம்மாதான் வழி சொன்னாள். "பழந்தின்னி வௌவால் ரத்தம் உள்ள போனா நெஞ்சு தொறந்துக்கும். புடிச்ச எடத்துலயே சுடச்சுடக் குடிக்கணும். ஊட்டுக்கு எடுத்துக்கினு வந்தா வேலைக்கு ஆவாது."

"வாசலுக்குப் போறதுக்கே மூச்சு வாங்குது. மலை ஏறுவாராக்கா?"

"நாலு பேரு தூக்கிக்கினு போறதுக்கு முன்ன தானா நடந்து பாக்கட்டுமே."

பாப்பம்மாவுக்கு இதமாகப் பேச வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கேழ்வரகுக் களி கிண்டி, துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

கிழக்கே, தெலுங்குக்காரர்கள் ஆடு மேய்க்கிற கரட்டில் இருந்தது அந்தக் குகை. கப்பிலால பண்ட என்பார்கள், வௌவால் பாறை. ராஜப்பா தேய்ந்துபோன துளைக்கம்பி ஒன்றைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு நடந்தான். நாலடி நடப்பான், நிற்பான். கள்ளிப் புதரைப் பிடித்துக்கொள்ளப் போய்க் கையில் முள் ஏற்றிக்கொள்வான்.

"இங்க ஒரு கேஜ் போட்டிருந்தா நல்லா இருக்கும்மே."

"போட்டா அதுக்கும் ஒரு தொர வருவான், உன்ன ஏறாதன்னு சொல்றதுக்கு. பேசாம வாய்யா."

பாறை செங்குத்தான இடத்தில் அவன் உட்கார்ந்தே விட்டான். சம்பங்கி குனிந்து முதுகைக் காட்டினாள். "யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்றான். "சிரிச்சுட்டுப் போறாங்க, ஏறு." தினமும் அவள் தூக்குகிற கல் கூடையைவிட இலேசாக இருந்தான்.

குகை வாசல் தாழ்வாக இருந்தது. முள்ளம்பன்றி முள் உதிர்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து அழுகிய அத்திப்பழ வாடை அடித்தது. கண் பழகியதும் தெரிந்தது: மேற்பாறை முழுக்கக் கொத்துக் கொத்தாய் வௌவால்கள், இறக்கையைப் போர்த்திக்கொண்டு தூங்கின. ஒரு எட்டு உள்ளே வைத்து, பழைய சேலையை வீசினால் போதும், ஒன்றாவது சிக்கும். சத்தம் மட்டும் கூடாது என்று பாப்பம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ராஜப்பாவுக்கு இருமல் முட்டியது. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. இருமவில்லை. சாமீ, இவன் பிழைத்துவிடுவான் என்று சம்பங்கி நினைத்தாள். சேலையை விரித்துப் பிடித்து, பாறைக்கடியில் கால் வைக்கப் போனாள்.

அவள் தலைக்கு மேலே அவனுடைய கம்பி நீண்டது. டங், டங்!

சுரங்கத்தில் எந்தப் புதுப் பாறைக்கடியில் போனாலும் முதலில் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நிற்கும், பொத்தென்றால் தலையில் விழும். தட்டாமல் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. பெண்டாட்டி கால் வைக்கிறாள் என்றதும் கை தானாகத் தட்டிவிட்டது.

குகை மொத்தமும் கலைந்து, முகத்திலும் தோளிலும் அடித்துக்கொண்டு வெளியே கொட்டியது. ஒன்றும் சிக்கவில்லை.

"இன்னாய்யா பண்ணிட்ட? ஐயோ, இன்னாய்யா பண்ணிட்ட!"

அவன் வாயிலிருந்து துண்டை எடுத்தான். "நல்ல பாறைமே" என்றான். "தலைல உழாது."

பிறகு அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. துண்டு சிவப்பானது.

வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கரட்டுப் பக்கம் போன வௌவால்கள் திரும்பவில்லை. குகைத் தரையில் மட்டும் ஒரு குட்டி, தாயிடமிருந்து நழுவி விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. சம்பங்கி அதை எடுத்தாள்.

"உடுமே. அதுல இன்னா இருக்கப்போவுது."

அவள் விடவில்லை. ஒரு சொட்டு ரத்தம் தேறியது, இலையில் பிடித்து நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நக்கினான்.

"தேவலையா?"

"தேவல."

இறங்கும்போதும் அவள் முதுகில்தான் வந்தான். நெஞ்சின் கரகரப்பு அவள் காதோரம் இம்மியும் குறையாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்கு அவன் இல்லை. லைன் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பாப்பம்மா வீட்டு மூலையில் பாய் விரித்துக்கொண்டு சம்பங்கி மறுபடி கல் பொறுக்கப் போனாள். "குட்டி ரத்தம் பத்தல. பெருசு குடிச்சிருந்தா இருந்திருப்பான்" என்று லைன் முழுக்கச் சொல்லிவந்தாள் பாப்பம்மா. இருமுகிறவர்கள் எல்லா லைனிலும் இருந்தார்கள்.

ஒருநாள் நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து வெங்கடம்மா என்ற சின்னப் பெண் கல் குவியலுக்கே தேடி வந்தாள். "உங்க ஊட்டுக்காரர இட்டுக்கினு போன எடம் எதுக்கா? எங்க ஊட்டுக்காரருக்கும் அதேதான்."

பலிக்காது என்று சொல்ல சம்பங்கிக்கு வாய் வரவில்லை. கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். கிழக்கே கையைக் காட்டினாள்.

"கைத்தடிக்கு மரக்கொம்பு வெட்டிக்கோ" என்றாள். "கம்பி மட்டும் வேணாம்மா."