பனி தொடங்கும் இடம் வரை

இந்த நாட்டில் 'நடக்கப் போகிறேன்' என்பது ஒரு முழுப் பதில். எங்கே, யாரைப் பார்க்க, என்ன வாங்க என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கிழக்கு லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தூறலுக்குள் நாயுடன் புறப்பட்டு, தெப்பமாக நனைந்து, முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வருவார். முதலில் ஜேர்மனியிலும் பிறகு இங்கேயுமாக இத்தனை காலம் இருந்தும் எனக்கு அது பிடிபடவில்லை. நடை என்றால் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு என்றே பழகியவன் நான். அதனால்தான், ஸ்கொட்லாந்தில் படிக்கும் எங்கள் மகள் அனிற்றா தொலைபேசியில், "அப்பா, கிறிஸ்மஸ் முடிய இங்க வாங்கோ, மூண்டு பேரும் ஒரு மலை ஏறுவம்" என்றபோது, "மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. ஸ்னோ இருக்கும். பிளீஸ் அப்பா."

படிக்கப் போன பிறகு அவள் எங்களை எதற்கும் அழைத்ததில்லை. பனி என்றதும் சப்பாத்துக்குள் என் கால்விரல்கள் தாமாக மடங்கின. ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் குசினி மேசையில்தான் மலை இருந்தது. குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிப்பது என் தொழில். வேலைச் சப்பாத்து இருந்தது, இருட்டு மூலைகளில் வேலை செய்ய நெற்றியில் கட்டும் விளக்கு இருந்தது. என் மனைவி ஜெயந்தி கம்பளிக் காலுறைகளையும் தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்து வைத்தாள். மழைக்கோட்டுகள் சந்தையில் வாங்கியவை. மலைக்கென்று ஒரு பொருளும் எங்களிடம் இல்லை. எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று மலையேறுவோருக்கான கடை ஒன்றுக்குப் போனோம்.

கடையில் நின்ற இளம்பெண் ஸ்கொட்லாந்துக்காரி. எந்த மலை, எந்த மாதம் என்று விசாரித்துவிட்டு, "கிராம்பன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டாள். 'கிராம்ப்' என்னும் கால் பிடிப்பைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "இல்லை, சுகர் மட்டும்தான்" என்றேன். ஜெயந்தி என் காதுக்குள், "கராம்பு வீட்டில கிடக்கு, குளிருக்கு நல்லதாக்கும்" என்றாள். அந்தப் பெண் ஓர் இரும்புப் பொருளை எடுத்துக் காட்டினாள். பனிக்கட்டியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு அடியில் பூட்டும் பற்கள். விலையைக் கேட்டேன், அவள் விற்கவில்லை. "பழகாமல் இதைப் போட்டால் ஆபத்து. பாதை உள்ள சின்ன மலையாகப் பாருங்கள். காலநிலையைப் பார்த்து, காலையிலேயே புறப்படுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லி வையுங்கள். பனி இறுகிக் கிடக்கும் இடம் வந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். மலை ஓடிப்போகாது" என்றாள்.

திரும்பிவிடுங்கள் என்ற அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன். முன்பு பனியில் நடந்தபோது என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. இளவயதில், ஊரில் சண்டைக்குத் தப்பி ஜேர்மனிக்குள் களவாக நுழைய, நாங்கள் சிலர் ஓர் எல்லைக் காட்டில் பனிக்குள் நடந்தோம். காலில் கன்வஸ் சப்பாத்து. காசு வாங்கிக் கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரனுக்குத் தமிழில் இரண்டு சொற்கள்தான் தெரியும்: "நட", "திரும்பாதே". பின்னேரமாகும்போது, என்னோடு மன்னாரிலிருந்து வந்த வசந்தன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்றான், பஸ்ஸுக்குப் போகிறவர்களிடம் சொல்வதுபோல. நானும் இன்னொருவனும் அவனை இரு பக்கமும் தாங்கி இழுத்துக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான், கால்விரல்கள் சில போய்விட்டன. இதை அனிற்றாவுக்கு நான் சொன்னதேயில்லை.

அனிற்றா தெரிந்தெடுத்தது சின்ன மலைதான். அங்கே நாங்கள் வாடகைக்குத் தங்கிய வீட்டு அம்மாவிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுக் காலையில் ஏறத் தொடங்கினோம். புல், ஆடுகள், நல்ல பாதை. பாதிக்கு மேல் பாதை வெள்ளையாகியது. பிறகு கண்ணாடிபோல் மினுங்கியது. நான் நின்றேன்.

"கொஞ்சம்தான் அப்பா. மலை டொப் தெரியுது."

"இல்லைப் பிள்ளை. இவ்வளவும் காணும், திரும்புவம்."

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான். எல்லாத்துக்கும் பயம்."

ஜெயந்தி அவளை அதட்ட வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அங்கேயே நின்றபடி வசந்தனைப் பற்றிச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அனிற்றா என் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மாமா இப்ப?"

"இருக்கிறான். ஜேர்மனியில கடை வச்சிருக்கிறான். போன கிழமையும் கதைச்சவன்."

அவள் என்னைத் தாண்டிக் கீழ்ப்பக்கமாக இறங்கி, ஒவ்வோர் இடமாக மிதித்துப் பார்த்து, "இங்க வையுங்கோ அப்பா, இங்க வழுக்காது" என்று கையை நீட்டினாள். பனி முடிந்த இடத்தில் மழைக்கோட்டை விரித்து மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். கீழே ஏரி ஈயத் தகடுபோல் கிடந்தது. உச்சிக்குப் போயிருந்தால் இதைவிட என்ன கண்டிருப்போமோ தெரியாது. போத்தலில் தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது. குளிருக்குள் பிள்ளையோடு இருந்து குடிக்கவும், வேண்டாமென்றால் எழுந்து திரும்பிப் போகவும் ஒரு வாழ்வு கிடைத்ததே என்று நினைத்தேன். மனதுக்குள் இந்த நாட்டுக்கும், அந்தக் கடைப் பெண்ணுக்கும், ஆண்டவருக்கும் நன்றி சொன்னேன்.

இறங்கும்போது ஒரு வயதான வெள்ளைக்காரர் தடியூன்றி எதிரே ஏறி வந்தார். "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று சிரித்தபடி கேட்டார். "பார்க்கிங்" என்று நான் எங்கள் லண்டன் ஊரைச் சொன்னேன். அதே நேரத்தில் ஜெயந்தி, "மன்னார்" என்றாள். என் வாயில் அந்த லண்டன் ஊரின் பெயரும் கார் நிறுத்துமிடத்துக்கான ஆங்கிலச் சொல்லும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். அவர் கார் நிறுத்துமிடம் என்றே விளங்கிக்கொண்டு, கீழே கையைக் காட்டி, "அப்படியென்றால் கிட்ட வந்துவிட்டீர்கள்" என்று வாழ்த்திவிட்டு மேலே போனார். அனிற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னவாம்?" என்றாள் ஜெயந்தி.

"கிட்ட வந்திட்டமாம்."

"எதுக்குக் கிட்ட?"

இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.